திறைசேரியும் அடுக்களையும்

அரசர் கதைகளிலே பொக்கிஷம் வற்றுவதில்லை. மன்னன் வேண்டியபோது அள்ளிக் கொடுக்கிறான், படை திரட்டுகிறான், கோயில் கட்டுகிறான். அந்தப் பொன் எந்த உழவனின் களத்திலிருந்து வந்தது, எந்த வணிகனின் பேழையிலிருந்து வந்தது என்று கதை சொல்பவரும் கூறுவதில்லை, கேட்பவரும் வினவுவதில்லை. இக்காலத்து இளைஞர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதை நடத்த, ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் வேடமேற்று, பகடை உருட்டிக் கற்பனை இராச்சியங்களை ஆளும் ஒருவகை விளையாட்டை ஆடுகின்றனர். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அவ்வகைக்கு முன்னோடி. குகைக்குள் நுழைந்தால் பொற்காசு கிடைக்கும் என்பது அதன் வழக்கம். அந்த ஆட்டம் அங்கே அச்சேறிய அதே காலத்தில், இங்கே கொழும்பு மக்கள் ஓர் இறாத்தல் பாணுக்காக விடியுமுன்னரே வரிசையில் நின்றுகொண்டிருந்தனர் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, கற்பனை இராச்சியத்துக்கும் மெய்யான இராச்சியத்துக்கும் இடையிலுள்ள தூரம் நமக்குப் புலனாகிறது.

பணம் எவ்வாறு மதிப்புப் பெறுகிறது? வரி எப்போது பாரமாகிறது? பண்டம் குறைந்தால் அதனை யார் யாருக்கு எவ்வளவு பங்கிடுவது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையிலுள்ள இந்நகரின் வரலாறே போதிய சான்றுகளைத் தரும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்தை ஒட்டித் தெற்கே நடந்தால் செட்டியார் தெரு வரும். இன்று அது நகைக் கடைகளின் தெரு. ஒரு காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வட்டிக் கடைகள் அங்கே வரிசையாக இருந்தன. அத்தெருவிலுள்ள கதிரேசன் கோயில்களிலிருந்து புறப்படும் ஆடிவேல் இரதம் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கமாகக் காலி வீதியில் செல்வதை நகரமே கூடிக் கண்டு வந்திருக்கிறது. துறைமுகத்தில் இறங்கிய அரிசி மூட்டையும், அதனை வாங்கக் கடன் கொடுத்த செட்டியாரின் கணக்கேடும், நாட்டின் உட்பகுதியில் அடுப்பில் ஏறிய உலையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாய் இருந்தன. அச்சங்கிலியில் எங்கே அறுப்பு நேர்ந்தாலும் அது முடிவில் அடுக்களையில்தான் தெரியும்.

முதலில் வரியைப் பற்றிச் சொல்வோம். 1796ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியாரிடம் ஒப்படைத்தனர். கும்பெனியார் சென்னையிலிருந்து தம் வருவாய் முறையையும் அதிகாரிகளையும் அப்படியே கொண்டுவந்து இறக்கினர். ஊழியம் செய்து நிலம் அனுபவிக்கும் பழைய முறை அகற்றப்பட்டது. ஒவ்வொரு தென்னை மரத்துக்கும் ஆண்டுக்கு ஒரு பணம் வரி என்று விதிக்கப்பட்டது. ‘பணம்’ என்பது அக்காலத்தில் ஒரு சிறு நாணயத்தின் பெயர். பன்னிரண்டு பணம் கொண்டது ஓர் இறைசால். மரம் காய்க்கிறதா, பட்டுப்போயிற்றா என்று பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிய இந்த வரி, கரையோர மக்களைக் கிளர்ந்தெழச் செய்தது. மறு ஆண்டிலேயே விசாரணைக் குழு ஒன்று அமர்த்தப்பட்டது. சென்னை முறை கைவிடப்பட்டது. பிற நாட்டுக்குப் பொருந்திய வரியை இந்நாட்டின் வழக்கம் அறியாமல் சுமத்தியதன் விளைவு இது.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1848ஆம் ஆண்டில் தேசாதிபதி ரொறிங்ரன் பிரபு திறைசேரியின் பற்றாக்குறையை நிரப்பப் புதிய வரிகள் பலவற்றை ஒருசேர விதித்தார். துப்பாக்கிக்கு அனுமதிக் கட்டணம், நாய்க்கு வரி, கடைக்கு வரி. இவற்றோடு தெருச் சட்டம் ஒன்றும் வந்தது. பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்மக்கள் அனைவரும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்பது அதன் விதி. 1832ஆம் ஆண்டில் இராசகாரிய ஊழியம் ஒழிக்கப்பட்டது என்று மகிழ்ந்த மக்களுக்கு, அது வேறு பெயரில் திரும்பி வந்ததாகத் தோன்றியது. பௌத்த துறவிகளையும் அச்சட்டம் விட்டுவைக்காதது வெறுப்பைப் பெருக்கிற்று. கொழும்பில் ‘ஒப்சேவர்’ பத்திராதிபரான வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட் இவ்வரிகளைக் கண்டித்து எழுதினார். மாத்தளையிலும் குருநாகலையிலும் கலகம் மூண்டது. இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். 1850இல் ரொறிங்ரன் பிரபு பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்.

ஒரு நாய்க்கு ஒரு ஷில்லிங் என்பது பெருந்தொகை அன்று. எனினும் கிராமத்தான் வாழ்வில் ஷில்லிங் என்னும் காசு எத்தனை முறை கைக்கு வருகிறது என்பதை வரி விதித்தவர் கணக்கிடவில்லை. நெல்லும் காயும் கையிலே உள்ளவனிடம் நாணயத்தில் வரி கேட்டால், அவன் முதலில் நாணயத்தைத் தேடிக் கடன்காரனிடம் போக வேண்டும். வரியின் அளவைவிட அது கேட்கப்படும் வடிவமும் வேளையும் குடிகளை அதிகம் வருத்துவன. இவ்வுண்மையை 1880ஆம் ஆண்டுகள் இன்னும் கொடிதாகக் காட்டின.

அக்காலத்தில் இலங்கையின் செல்வம் கோப்பியில் இருந்தது. 1869இல் கோப்பி இலைகளில் ஒருவகைத் துரு நோய் காணப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்நோய் தோட்டங்களை அழித்துவிட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதம் கதவடைத்தது. அவ்வங்கியின் தாள்களே அந்நாளில் நாட்டில் பெருவாரியாகப் புழங்கிய பணத்தாள்கள். காலையில் கையிலே பணமாக இருந்தது மாலையில் வெறுங்காகிதமாகும் நிலை. கொழும்பு வணிகர் திகைத்தனர்.

அப்போது தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் கோர்டன் துணிவான ஒரு முடிவு எடுத்தார். அவ்வங்கியின் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். பீதி தணிந்தது. அதே ஆண்டில் நாணய ஆணையாளர் சபை சட்டத்தினால் நிறுவப்பட்டது. மறு ஆண்டிலிருந்து அரசாங்கத்தின் தாள்கள் வெளிவரலாயின. வங்கியின் பெட்டகத்தில் புதிதாக ஒரு பொற்காசும் விழாதிருக்க, ஒரு வாக்குறுதியினால் மட்டும் காகிதம் மீண்டும் பணமாயிற்று. பணத்தின் இரகசியம் இதில் அடங்கியிருக்கிறது. அதனைக் கொடுப்பவர் நாளையும் இருப்பார், சொன்ன சொல் காப்பார் என்ற நம்பிக்கையே அதன் மதிப்பு.

ஆனால் நேயர்களே, அந்த நம்பிக்கையின் நிழல் எல்லோர் மீதும் விழவில்லை. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நெல்வரி தானியமாகவன்றிப் பணமாகக் கட்டப்பட வேண்டியதாயிற்று. மலைநாட்டுக் கிராமத்தார் வீட்டுப் புறத்தில் வளர்ந்த கோப்பியை விற்று அக்காசைக் கண்டனர். கோப்பி அழிந்தபின் காசுக்கு எங்கே போவது? வரி நிலுவைக்காக வலப்பனைப் பகுதியிலும் பிறவிடங்களிலும் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. வயலிழந்த குடும்பங்கள் பசியாலும் நோயாலும் மாண்டன. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்பவர் இதனை வெளிப்படுத்தினார். இங்கிலாந்து வரை வாதம் எழுந்தது. கொழும்பு வணிகரின் தாளைக் காத்த அதே தேசாதிபதியின் ஆட்சியில், வலப்பனை உழவனின் வயலைக் காக்க எவரும் கையெழுத்திடவில்லை. அவருக்குப்பின் வந்த சேர் ஆதர் ஹவ்லொக்கின் காலத்தில், 1892இல்தான் நெல்வரி ஒழிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டிலே காட்சி மாறிற்று. அதுவரையும் அரசாங்கத்தின் வருவாய் பெரும்பாலும் சுங்கத் தீர்வை, உப்பு, சாராயம் போன்ற வழிகளில் வந்தது. உப்பில்லாமல் உண்பவர் இல்லை. ஆகவே ஏழையும் தனவந்தனும் ஒரே பிடி உப்புக்கு ஒரே அளவு கொடுத்தனர். 1932ஆம் ஆண்டில், உலகெங்கும் வியாபாரம் நலிந்திருந்த வேளையில், வருமான வரி முதன்முறையாக விதிக்கப்பட்டது. உள்ளவன் உள்ள அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. மறு ஆண்டில், 1933இல், வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியாலும் வரியாலும் அளக்கப்படும் நீதி எது என்ற வினா அப்போது வெள்ளவத்தை வீதியிலே எழுந்து நின்றது.

செட்டியார் தெருவும் சோதனைக்குள்ளாயிற்று. அங்குள்ளோர் ஐரோப்பிய வங்கிகளிடம், ‘ஷராப்பு’ எனப்பட்ட தரகர் பிணை நிற்க, கடன் பெற்று, அதனை நாட்டவருக்கு உயர்ந்த வட்டிக்குக் கொடுத்தனர். 1925இல் செட்டியார் நிறுவனம் ஒன்று முறிந்ததும் வங்கிகள் கையை இறுக்கின. சிறு வணிகர் தத்தளித்தனர். 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி விசாரணைக் குழு அமைந்தது. அதன் பயனாக 1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் நாள் மத்திய வங்கியும் தன் பணியைத் தொடங்கிற்று. அதன் முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்ரர் என்ற அமெரிக்கர்.

இனிப் பஞ்சத்தைப் பற்றிப் பார்ப்போம். இலங்கை தான் உண்ட அரிசியிற் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பெற்றுவந்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரில் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. நகரத்தார் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்களுக்குப் போயினர். அரிசிக் கப்பல் வருவது அரிதாயிற்று.

அப்போது அரசாங்கம் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் கூப்பன், ஒவ்வொரு கூப்பனுக்கும் இவ்வளவு அரிசி, உடலுழைப்பாளிக்குச் சற்றுக் கூடுதல். அரிசி போதாதபோது கோதுமை மா ஈடு செய்தது. கூட்டுறவுச் சங்கக் கடைகள் ஊருக்கு ஊர் தோன்றிப் போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்காகப் பெருகின. ‘சங்கக் கடை’ என்பதும் ‘கூப்பன் அரிசி’ என்பதும் நம் பேச்சில் ஏறியது இக்காலத்திலேதான்.

உலோகத்துக்கும் தட்டுப்பாடு வந்ததால் சில்லறை நாணயத்துக்குப் பதிலாக ஐந்து சதம், பத்துச் சதம் முதலிய சிறு தாள்கள் 1942இல் அச்சிடப்பட்டன. ஐந்து சதத் தாள் விந்தையானது. அதன் நடுவே துளைகளிட்டு ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம் என்று அச்சிட்டிருந்தனர். சில்லறை வேண்டுமாயின் கிழித்துக் கொடுக்கலாம்! கிழித்தாலும் இரு துண்டும் செல்லும் என்பதற்கு அரசாங்கத்தின் சொல்லே பிணை. மூன்று சதத்துக்கும் கணக்கிருந்த காலம் அது என்பதையும் அச்சிறு தாள் நமக்கு உணர்த்துகிறது.

கப்பல் மூழ்கினாலும் கூப்பன் முறை மூழ்கவில்லை. காரணம், எல்லோருக்கும் குறைவு என்று மக்கள் கண்டனர். கள்ளச் சந்தை இருந்தது உண்மை. ஆயினும் அடுத்த வீட்டாரின் பானையும் தன் பானையும் ஏறக்குறைய ஒரே அளவில் வற்றியிருப்பதைக் கண்ட மனிதன், குறைவைப் பொறுத்துக்கொண்டான்.

பதினொரு ஆண்டுகள் கழித்து அந்தப் பொறுமை தீர்ந்தது. கொரியப் போரின்போது உயர்ந்த இறப்பர் விலை பின்னர் வீழ்ந்தது. அரிசியின் விலையோ ஏறிற்று. 1952ஆம் ஆண்டு டிசெம்பரில் சீனத்தோடு இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்பது ஐந்தாண்டு ஏற்பாடு. அது சாமர்த்தியமான ஒப்பந்தமே. எனினும் மானியத்தின் சுமை திறைசேரியை அழுத்தியது. 1953ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனா, கொத்து ஒன்று இருபத்தைந்து சதமாயிருந்த கூப்பன் அரிசியின் விலையை எழுபது சதமாக உயர்த்தினார். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. தபாற் கட்டணமும் புகையிரதக் கட்டணமும் ஏறின.

ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் நடந்தது. கடைகள் மூடப்பட்டன, புகையிரதங்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். திறைசேரியின் கணக்கில் பிழை இருந்ததாக எவரும் கூறவில்லை. பணம் இல்லையென்பது உண்மையே. ஆயினும் அக்கணக்கு ஒரே நாளில், ஒரே பேரேட்டிலிருந்து, சாதாரண மனிதனின் கலயத்தில் வந்து விழுந்தது. படிப்படியாக ஏற்றியிருக்கலாம், வசதியுள்ளோர் மீது முதலிற் சுமத்தியிருக்கலாம். பிள்ளையின் உணவையும் தந்தையின் அரிசியையும் ஒருசேரத் தொட்ட வரவு செலவுத் திட்டத்தை மக்கள் கணக்காகப் பார்க்கவில்லை, அவமதிப்பாகப் பார்த்தனர்.

அதன்பின் அரிசி அரசியலாயிற்று. 1966இல் கூப்பன் அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டது. 1970இல் குறைத்த கொத்தைத் திருப்பித் தருவோம் என்றவர் தேர்தலில் வென்றனர். அவ்வாண்டு ஒக்டோபர் 25ஆம் நாள் நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்கள் செல்லாவென்றும், குறித்த நாளுக்குள் அவற்றை வங்கியில் ஒப்படைக்க வேண்டுமென்றும் அறிவித்தார். வரி கட்டாது பதுக்கிய பணத்தை வெளிக்கொணர்வது அவர் நோக்கம். 1884இல் அரசின் ஒரு சொல் காகிதத்தைப் பணமாக்கிற்று. 1970இல் அதே அரசின் ஒரு சொல் பணத்தைக் காகிதமாக்கிற்று. இரண்டும் சட்டப்படியே நடந்தன. பணம் எவர் வாக்கினால் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1973இலும் 1974இலும் உலகில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறியபோது பங்கீடு மேலும் குறைந்தது. பாணுக்கு நள்ளிரவு முதலே வரிசை. ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டு செல்வதற்குத் தடை, வீதியோரத்தில் சோதனை. அதே காலத்தில் இறக்குமதித் தடையினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் வன்னி விவசாயியும் கல்வீடு கட்டினர். கொட்டாஞ்சேனையில் வரிசையில் நின்ற தமிழனுக்குப் பஞ்சகாலமாகத் தோன்றியது, கிளிநொச்சியில் மிளகாய் காயவைத்த தமிழனுக்கு வாழ்வுக்காலமாயிற்று. தட்டுப்பாடு எல்லோரையும் ஒன்றுபோல் தொடுவதில்லை என்பது இதன் பாடம். 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டது. 1979இல் கூப்பன் முறை போய் உணவு முத்திரை வந்தது.

அண்மைக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வரி குறைந்ததென்று மகிழாதார் இல்லை. அடுத்துத் தொற்றுநோய் வந்து உல்லாசப் பயணத்துறை முடங்கிற்று. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையினால் விளைச்சல் வீழ்ந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. ரூபாவின் மதிப்பு சில வாரங்களில் பாதியளவுக்கு வீழ்ந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அவ்வாண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசைகளிலேயே முதியோர் சிலர் உயிர்நீத்தனர். யூலையில் எரிபொருளுக்குப் புதிய பங்கீட்டு முறை வந்தது. கூப்பன் புத்தகத்துக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியில் ஒரு சதுரக் குறியீடு; ஆனால் அதன் தத்துவம் 1942ஆம் ஆண்டினதே. அளவு குறைவாயிருந்தும், தன் பங்கு தனக்குண்டு என்று உறுதியானதும் வரிசைகள் சுருங்கின. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. அன்று தள்ளுபடி செய்த வரியை இன்று கடையில் ஏழையும் சேர்ந்து கட்டுகிறான்.

நேயர்களே, இந்த இருநூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் அரசுகள் ஏழ்மையினால் மட்டும் வீழவில்லை. யுத்தகாலத்தில் இருந்ததைவிட 1953இல் நாடு வறியதன்று. ஆயினும் 1953இல்தான் ஹர்த்தால் நடந்தது. குறைவு வந்தபோது அதனை மறைக்காது சொல்லி, மேலோர் பங்கையும் சேர்த்துக் குறைத்த ஆட்சியை மக்கள் தாங்கிக்கொண்டனர். குறைவின் பாரத்தை எளியோர் தலையில் மட்டும் இறக்கியபோது தாங்கவில்லை. எத்தனை கண்ணியமான கணக்கும் இந்நெறியைக் கடக்க முடிவதில்லை.

கற்பனை இராச்சியம் ஆளும் இளைஞரும் இதனைத் தம் ஆட்டத்திற் சேர்த்தால் ஆட்டம் சுவைகுன்றாது என்றே எண்ணுகிறோம். குகையிற் கிடைத்த பொன் ஊருக்குள் வந்தால் அரிசி விலை என்னாகும்? வரி தண்டுவோன் அறுவடைக்கு முன் வருகிறானா, பின் வருகிறானா? கப்பல் வராத மாதத்தில் அரண்மனை அடுக்களையில் எத்தனை கொத்து உலையிலிடப்படுகிறது? இவ்வினாக்களைக் கேட்கப் பழகியவர், நாளை மெய்யான வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போதும் காதைத் தீட்டிக் கேட்பர். திறைசேரியின் பேரேடு ஆண்டுக்கொருமுறை மூடப்படும். அடுக்களையின் கணக்கோ மூன்று வேளையும் திறந்திருப்பது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கத் தெரிந்த குடிமக்களை எந்த அரசும் நெடுங்காலம் ஏமாற்ற இயலாது.